ஆசனவாய் மாத்திரை வைப்பது எப்படி? வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செங்கோட்டை, தென்காசிப் பக்கத்திலிருந்து எலும்பு முறிவு, இடுப்பு அறுவை என்று மலை தாண்டிக் கொல்லத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் போய் வருகிற குடும்பங்கள் நிறைய. அறுவை நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பை நிறைய மருந்து கொடுப்பார்கள். வலிக்கு டிரமடால், இரத்தம் ஊற இரும்புச்சத்து, எலும்புக்குக் கால்சியம். இவை மூன்றுமே மலத்தை இறுக்கக்கூடியவை. நோயாளி நடமாட்டம் இல்லாமல் படுத்திருப்பார். சிறுநீர் கழிக்க எழ வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டார். நான்கைந்து நாளில் வயிறு கல்லாகிவிடும். அப்போதுதான் பையின் அடியில் கிடக்கும், மலம் இளகுவதற்கான அந்தக் கூம்பு வடிவ ஆசனவாய் மாத்திரை (சப்போசிட்டரி) நினைவுக்கு வரும்.

என் மாமியாருக்கு இடுப்பு அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அதை எப்படி வைப்பது, எந்த நேரத்தில் வைப்பது, எப்போது வைக்கவே கூடாது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் உட்காரவைத்து யாரும் சொல்லவில்லை. வார்டு நர்ஸிடம் கொஞ்சம், மருந்துக்கடையில் கொஞ்சம், எங்கள் ஊர் மருத்துவரிடம் மீதி என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வீட்டில் ஒழுங்காக வைப்பதற்கே இது உதவும். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

1. முதலில், இது மலச்சிக்கல்தானா?

தினமும் காலையில் வெளிக்குப் போயே ஆக வேண்டும் என்று நம் வீடுகளில் ஒரு கணக்கு உண்டு. ஒருநாள் தவறினாலே பெரியவர்கள் கலங்கிப்போவார்கள். ஆனால் மருத்துவக் கணக்கில் வாரத்துக்கு 3 முறைக்கும் குறைவாகப் போவது, ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாக இறுகிப் போவது, முக்கி முக்கிப் போவது, போன பிறகும் மீதி இருப்பதுபோல் இருப்பது ஆகியவைதான் மலச்சிக்கல். இரண்டு நாளுக்கு ஒருமுறை மென்மையாகப் போகிறது, வயிறு லேசாக இருக்கிறது என்றால் மாத்திரைக்கு வேலையே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல நாள் போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று தண்ணீர்போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியலாம். பார்ப்பதற்கு வயிற்றுப்போக்கு மாதிரியே இருக்கும். உள்ளே இறுகிய மலம் அடைத்துக்கொண்டிருக்க, அதன் ஓரமாக நீர் மட்டும் வழிந்து வருவதாக இருக்கலாம். வயிற்றுப்போக்கு என்று எண்ணி அதை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்துவிட்டால் அடைப்பு மேலும் இறுகும். படுக்கையில் இருப்பவருக்கு இப்படிக் கசிந்தால் நீங்களாக எந்த மருந்தும் கொடுக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

2. இந்த அறிகுறிகள் இருந்தால் மாத்திரையைத் தொடாதீர்கள்

மற்றதை அவசரமாகப் படிப்பவர்கூட இந்தப் பகுதியை நிறுத்திப் படிக்க வேண்டும். கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் மலமிளக்கி எதையும் வீட்டில் ஆசனவாயில் வைக்கக் கூடாது; வாய்வழியாகக் கொடுக்கவும் கூடாது.

வயிறு உப்பிக் கடினமாகி, காற்றுகூடப் பிரியாமல் இருப்பது. அதோடு வாந்தியும் இருந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கடுமையான வயிற்றுவலி, குறிப்பாக வலப்பக்க அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும். அது குடல்வால் அழற்சியாக இருக்கக்கூடும். மலத்தில் இரத்தம், அல்லது தார்போலக் கறுத்த மலம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அதை நாமே முடிவு செய்துகொள்ள வேண்டாம். வயிற்றிலோ ஆசனவாயிலோ அண்மையில் அறுவை நடந்திருப்பது.

மூலம் வெளித்தள்ளிப் புண்ணாகி இருந்தாலும், ஆசனவாயில் வெடிப்பு இருந்தாலும் பிசகோடைல் என்ற, குடலைத் தூண்டும் வகை மாத்திரை எரிச்சலைக் கூட்டும். இதைச் சொல்ல நம் பெரியவர்கள் வெட்கப்படுவார்கள். “மூலம் உண்டா, எரிகிறதா, இரத்தம் பட்டதா?” என்று நீங்களாகத் தனியே கேளுங்கள். நான்கு பேர் நிற்கும்போது கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

இதய நோயாளிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரையோ டிகாக்சின் என்ற இதய மருந்தோ சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்ட பிறகே வைக்க வேண்டும். மலமிளக்கியை அடிக்கடி பயன்படுத்தினால் உடம்பில் பொட்டாசியம் குறையும். நீர் மாத்திரையும் டிகாக்சினும் எடுப்பவருக்கு அது இதயத் துடிப்பையே பாதிக்கும். முதுகுத்தண்டின் மேல்பகுதியில் அடிபட்டு உடல் செயலிழந்தவர்களுக்கு, மலக்குடலைத் தூண்டும்போது இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். அவர்களைப் பார்த்துக்கொள்பவர் மருத்துவமனையில் செய்முறைப் பயிற்சி பெறாமல் இதில் இறங்கவே கூடாது.

3. வீட்டுக்கு வருமுன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

மருத்துவமனையிலிருந்து கிளம்பும் அவசரத்தில் பில்லைப் பார்ப்போம், வண்டியைப் பார்ப்போம், காகிதங்களைப் பார்க்க மாட்டோம். டிஸ்சார்ஜ் சம்மரியும் மருந்துச் சீட்டும் உங்கள் கையில் வந்ததும் இரண்டையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் ஆசனவாய் மாத்திரை எழுதியிருக்கிறதா, எத்தனை மில்லிகிராம், ‘தேவைப்பட்டால்’ என்றா அல்லது ‘ஒருநாள் விட்டு ஒருநாள்’ என்றா என்று பாருங்கள். ‘தேவைப்பட்டால்’ என்று மட்டும் இருந்தால், எத்தனை நாள் போகாவிட்டால் வைக்கலாம் என்று அங்கேயே கேட்டு, அதே சீட்டில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேரளத்தில் எழுதிய சீட்டு செங்கோட்டையில் செல்லுமா என்று பலர் கேட்கிறார்கள். பதிவு பெற்ற மருத்துவர் எழுதிய சீட்டு நாடு முழுவதும் செல்லும். ஆனால் அங்கே கிடைக்கும் கம்பெனி மருந்து இங்கே கிடைக்காமல் போகலாம். ஆகவே மருந்தின் மூலப்பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது பிசகோடைல் அல்லது கிளிசரின்.

நர்ஸ் மலையாளத்தில் சொல்லும் நேரத்தையும் மறுபடி கேட்டு உறுதி செய்யுங்கள். அவர்கள் ‘ராவிலே’ என்றால் காலையில். நம் காதில் அது இராத்திரி என்று விழும். “காலை எத்தனை மணிக்கு?” என்று கடிகார நேரமாகவே கேட்டுக் குறித்துக்கொண்டால் தீர்ந்தது.

ஏற்கெனவே சாப்பிட்டு வரும் எல்லா மாத்திரைகளின் பட்டியலும் ஒரு தாளில் இருக்கட்டும். அமிட்ரிப்டிலின், வெராபமில், சில நடுக்குவாத மருந்துகள், அலுமினியம் கலந்த அமிலநீக்கிகள் ஆகியவையும் மலத்தை இறுக்கும். இந்தப் பட்டியலைக் காட்டினால் மருத்துவரே ஏதாவது ஒன்றை மாற்றிக் கொடுக்க இடமுண்டு. தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தாலும் மலச்சிக்கல் வரும். அந்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

4. கடையில் எதைக் கேட்டு வாங்குவது

மலச்சிக்கலுக்கான ஆசனவாய் மாத்திரைகளில் நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை இரண்டு வகை.

கிளிசரின் மாத்திரை கண்ணாடிபோலப் பளபளப்பாக வழவழவென்று இருக்கும். அது நீரை இழுத்து மலத்தை இளக்கி வழுக்கச் செய்யும்; மலக்குடலை லேசாகத் தூண்டவும் செய்யும். வாசலிலேயே மலம் இறுகி நிற்கும்போது பெரும்பாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

பிசகோடைல் மாத்திரை வெள்ளையாக மெழுகுபோல இருக்கும். அது குடல் சுவரின் நரம்புகளைத் தூண்டி, குடலைச் சுருங்கி விரியச் செய்து மலத்தை வெளியே தள்ளும். பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம், குழந்தைகளுக்கு 5 மில்லிகிராம். இரண்டின் அட்டையும் ஒரே சாயலில் இருக்கும் என்பதால் எண்ணைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. டல்கோலாக்ஸ் என்ற அதே பெயரில் விழுங்கும் மாத்திரையும் இருக்கிறது, ஆசனவாயில் வைக்கும் மாத்திரையும் இருக்கிறது. பெயரை மட்டும் சொன்னால் பெரும்பாலும் விழுங்கும் மாத்திரைதான் கைக்கு வரும். அது வேலை செய்ய 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ஆசனவாய் மாத்திரை 15 நிமிடத்திலிருந்து 1 மணி நேரத்துக்குள் வேலை செய்யும். அதனால் “ஆசனவாயில் வைக்கும் சப்போசிட்டரி, பெரியவர்களுக்கு, 10 மில்லிகிராம்” என்று முழுதாகக் கேளுங்கள். கடையில் ஆட்கள் இருக்கும்போது சொல்லக் கூச்சமாக இருந்தால், எழுதிய தாளையோ செல்போன் படத்தையோ நீட்டுங்கள்.

இரண்டாவது பொறி இன்னும் மோசமானது. காய்ச்சலுக்கான பாரசிட்டமால், வலிக்கான டைகுளோஃபினாக், மூலத்துக்கான மருந்து, பெண்கள் பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை எல்லாமே இதே கூம்பு வடிவத்தில், இதே மாதிரிப் பிளாஸ்டிக் உறையில் வருகின்றன. அறுவை முடிந்து வந்தவரின் பையில் டைகுளோஃபினாக் சப்போசிட்டரியும் சேர்ந்தே கிடக்க வாய்ப்பு அதிகம். உறையிலிருந்து ஒரு மாத்திரையைக் கிழித்துத் தனியாக எடுத்து வைத்தால், அதில் பெயர் முழுதாக இருக்காது. ஆகவே அட்டையைத் துண்டாக்காமல், வகைக்கு ஒரு டப்பா வைத்து, மேலே கொட்டை எழுத்தில் ‘மலம் போக’, ‘வலிக்கு’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். இரவு நேரத்தில், மங்கலான வெளிச்சத்தில், தூக்கக் கலக்கத்தில் எடுக்கும்போது இதன் அருமை தெரியும்.

செலவைப் பற்றி: மாத்திரை அப்படி ஒன்றும் விலை இல்லை. எங்கள் பக்கத்துக் கடைகளில் ஒன்று பத்து முதல் இருபது ரூபாய்க்குள் அடங்கியது. மற்ற சாமான்களில்தான் காசு கரையும். கையுறைப் பெட்டி, படுக்கையில் விரிக்கும் உறிஞ்சு விரிப்பு, ரப்பர் ஷீட், கமோடு நாற்காலி. இவற்றில் கமோடு நாற்காலிதான் பெரிய செலவு, சில ஆயிரம் ரூபாய். புதிதாக வாங்குமுன் வாடகைக்குக் கிடைக்கிறதா, தெரிந்த வீட்டில் சும்மா கிடக்கிறதா என்று விசாரியுங்கள். அறுவை முடிந்த ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கும். மாதக்கணக்கில் மருந்து வாங்க வேண்டியவர்கள் மக்கள் மருந்தகத்திலும், தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். சப்போசிட்டரி எல்லா இடத்திலும் இருப்பில் இருக்காது. போன் செய்துவிட்டுப் போவது நல்லது.

5. உருகாமல் கொண்டுவருவதும் வைத்திருப்பதும்

பிசகோடைல் மாத்திரை உடல் சூட்டில் உருகும்படி செய்யப்பட்டது. நம் சித்திரை வெயிலில், மூடிய காரில், அது உறைக்குள்ளேயே உருகிவிடும். புனலூரிலிருந்து பஸ் ஏறி ஆரியங்காவு, புளியரை வழியாக வருகிறவர்கள் மருந்துப் பையை என்ஜின் பக்கமோ வெயில் விழும் ஜன்னல் ஓரமோ வைக்க வேண்டாம். ஈரத்துணியில் சுற்றிய தண்ணீர் பாட்டிலை ஒட்டி, மாத்திரை நனையாமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு எடுத்து வாருங்கள்.

வீட்டில் அட்டையில் அச்சிட்ட வெப்பநிலைப்படி வையுங்கள். பெரும்பாலும் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே என்று இருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டு போதும். மேலே ஐஸ் உறையும் அறைக்குள் வைக்கக் கூடாது. மாத்திரை கொழகொழவென்று இருந்தால், உறையைப் பிரிக்காமலே சில நிமிடம் குளிர்ந்த நீரில் பிடியுங்கள்; இறுகிவிடும். ஒருமுறை முழுதாக உருகி வடிவமே கெட்டு இறுகியதைத் தூக்கிப் போடுங்கள்.

6. நேரம் குறிப்பது

மாத்திரையை எந்த நேரத்திலும் வைக்கலாம் என்றாலும், காலை உணவுக்குப் பிறகு வைப்பது போல் வராது. சாப்பிட்டதும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும். சூடாக ஒரு காபி, இரண்டு இட்லி சாப்பிட்டு இருபது, முப்பது நிமிடம் கழித்து வைத்தால், உடம்பின் போக்கும் மருந்தின் வேகமும் ஒன்று சேரும்.

இரவில் வைக்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. நள்ளிரவில் அவசரமாக எழும் முதியவர் விழுந்தால், ஆறிக்கொண்டிருக்கும் எலும்பு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். உதவிக்கு ஆள் இல்லாத நேரம், பிசியோதெரபிக்கு ஆள் வரும் நேரம், மறுபரிசோதனைக்குக் கிளம்பும் நாள் இவற்றையும் தவிருங்கள். மலைப்பாதையில் வண்டியில் போகும்போது அவசரம் வந்தால் நோயாளி படும் பாடு சொல்லி முடியாது. போகும் நாளுக்கு முந்தைய நாள் காலையில் வைத்துவிடுங்கள்.

7. வைக்கும் முறை

முதலில் கேளுங்கள். “அத்தை, இப்போது மருந்து வைக்கலாமா?” என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகு தொடங்குங்கள். ஆயுள் முழுவதும் மற்றவர் முன் புடவைத் தலைப்பு விலகாமல் வாழ்ந்தவர் அவர். கதவைச் சாத்துங்கள், ஜன்னல் திரையை இழுங்கள், தேவையான இடம் தவிர மற்றதைப் போர்வையால் மூடுங்கள். பேரப்பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். ஆண்களுக்கு மகனோ மருமகனோ வைப்பது அவர்களுக்கு எளிதாக இருக்கும் என்றால் அப்படியே செய்யுங்கள். உடம்பு இறுகிக்கொண்டால் ஆசனவாய்த் தசையும் இறுகிக்கொள்ளும். மாத்திரை உள்ளே போகாது. ஆகவே அவர் கூச்சம் குறைந்து தளர்ந்து படுப்பதே இதில் பாதி வேலை.

சிறுநீர் கழிக்க வேண்டுமா என்று கேட்டு அதை முடித்துவிடுங்கள். கமோடு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வையுங்கள். சக்கரம் இருந்தால் பூட்டுங்கள். படுக்கையில் ரப்பர் ஷீட், அதன்மேல் உறிஞ்சு விரிப்பு. கை நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை மாட்டுங்கள்.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பதுதான் வழக்கம். இடது கால் நேராக, வலது முழங்கால் மடங்கி வயிற்றுப் பக்கம் வரட்டும். பெருங்குடலின் கடைசி வளைவு இடப்பக்கம் இருப்பதால் இந்த நிலை வசதி. ஆனால் இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு இதை அப்படியே செய்துவிடாதீர்கள். அவர்களுக்கு இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவதும், ஒரு காலை மற்றதன் குறுக்கே கொண்டுவருவதும் தடை செய்யப்பட்டிருக்கலாம். மூட்டு நழுவிவிடும் ஆபத்து உண்டு. எந்தப் பக்கம் திருப்பலாம், எவ்வளவு மடக்கலாம் என்று அறுவை செய்த மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள். திருப்பும்போது இரு முழங்கால்களுக்கும் நடுவே தடிமனான தலையணை வைத்து, இடுப்பும் காலும் ஒன்றாகத் திரும்பும்படி இரண்டு பேர் சேர்ந்து திருப்புங்கள்.

மாத்திரையின் உறையை முழுதாகப் பிரியுங்கள். உறையோடு வைத்துவிடும் விபத்துகள் நடக்கத்தான் செய்கின்றன. அதன் ஓரம் கிழித்துவிடும். மாத்திரையின் நுனியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்தால் போதும். நம் பக்கத்தில் கை தானாகத் தேங்காய் எண்ணெய்க் குப்பிக்குப் போகும்; விளக்கெண்ணெய், வாசலின் தடவுபவர்களும் உண்டு. எண்ணெய்ப் பசை மாத்திரையைப் போர்த்திக்கொண்டால், கிளிசரின் நீரை இழுப்பதும் பிசகோடைல் குடல் சுவரில் படுவதும் தடைப்படும். வழுக்கல் கட்டாயம் வேண்டுமென்றால், தண்ணீரில் கரையும் ஜெல்லியை மருந்துக்கடையில் கேட்டு வாங்கலாம்.

இடது கையால் மேல் பிட்டத்தை மெல்ல உயர்த்தி ஆசனவாயைப் பாருங்கள். மூலம், வெடிப்பு, இரத்தம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். ஒன்றுமில்லை என்றால், வாயைத் திறந்து மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். மூச்சு வெளியே போகும்போது தசை தளரும்; அந்த நொடியில் கூம்பு முனையை முன்னால் வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். சில தயாரிப்புகளில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் உள்ளே இருக்கும் தாளின்படி செய்யுங்கள். உங்கள் ஆள்காட்டி விரலின் முதல் கணுவைத் தாண்டும் அளவுக்கு, சுமார் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் போனால்தான் தசை வளையத்தைக் கடக்கும். வளையத்திலேயே நின்றுவிட்டால் உடனே வெளியே வழுக்கி வந்துவிடும். விரலில் ஒரு பிடி தளர்ந்து மாத்திரை தானாக உள்ளே இழுபடுவது தெரியும். அதுதான் சரியான இடம்.

அங்கே மாத்திரை எதைத் தொடுகிறது என்பது முக்கியம். பிசகோடைல் குடல் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இறுகிய மலத்துக்குள் குத்தி வைத்தால் மருந்து சுவரில் படாது. மணிக்கணக்காகக் காத்திருந்தும் ஒன்றும் நடக்காது. பலர் வீட்டில் “மாத்திரை வேலை செய்யவில்லை” என்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். விரல் நுனியால் மாத்திரையை ஓரமாகச் சாய்த்து வையுங்கள். விரல் நுழைந்ததுமே கல்போல மலம் தட்டுப்பட்டால் அழுத்திப் போராட வேண்டாம். அதை விரலால் தோண்டி எடுப்பது பயிற்சி பெற்ற நர்ஸ் செய்ய வேண்டிய வேலை. குடல் சுவர் கிழியலாம், நோயாளிக்கு நாடித் துடிப்பு திடீரென்று குறைந்து மயக்கம் வரலாம்.

வலி என்று அவர் சொன்னால் நிறுத்துங்கள். ‘கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று அழுத்துவது கூடாது.

8. வைத்த பிறகு

பிட்டங்களை ஒரு நிமிடம் சேர்த்துப் பிடியுங்கள். வைத்த உடனே போக வேண்டும் என்ற உணர்வு வரும். அது மாத்திரை தொடுவதால் வருவது. 15 முதல் 20 நிமிடம் படுத்தபடியே அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருங்கள்.

லேசான வயிற்று முறுக்கும் எரிச்சலும் வரலாம். உட்கார வைக்கும்போது ஒரேயடியாக எழுப்பாமல், கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் இருத்தி, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பின் நாற்காலிக்கு மாற்றுங்கள். பொதுவாகக் கமோடில் உட்காரும்போது காலுக்கு ஒரு சிறு முக்காலி வைத்தால் முழங்கால் உயர்ந்து மலம் எளிதாக இறங்கும். இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு மட்டும் இது கூடாது. அவர்களுக்கு இருக்கையே உயரமாக இருக்க வேண்டும். கழிவறைக்கு நடந்து போகிறவர் என்றால் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லி, நீங்கள் வெளியே நில்லுங்கள். முக்கும்போது மயங்கி விழுவது முதியவர்களுக்குப் புதிதல்ல.

முடிந்ததும் தண்ணீரால் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். படுக்கையிலேயே இருப்பவருக்கு அந்த ஈரம்தான் படுக்கைப் புண்ணுக்கு வழி. பிறகு ஒரு டம்ளர் தண்ணீரோ மோரோ கொடுங்கள்.

ஒரு நோட்டில் மூன்றே விஷயம் குறியுங்கள்: வைத்த நேரம், போன நேரம், மலம் எப்படி இருந்தது. மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்த நோட்டைப் பார்த்துத்தான்.

9. போகவில்லை என்றால்

வைத்த சில நிமிடத்திலேயே மாத்திரை முழுதாக வெளியே வந்துவிட்டால், அது ஆழமாகப் போகவில்லை என்று பொருள். புதிதாக ஒன்றை இன்னும் சற்று உள்ளே வைக்கலாமா என்று மருத்துவரிடம் போனில் கேட்டு வையுங்கள். பாதி கரைந்து வந்திருந்தால் அன்றைக்கு இன்னொன்று வைக்க வேண்டாம். ஒரு மணி நேரமாகியும் ஒன்றுமே போகவில்லை என்றால், இரண்டாவதையும் அதன் பின்னால் மூன்றாவதையும் வைப்பது தவறு. மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சோப்புத் தண்ணீர் எனிமா கொடுத்துவிடலாம் என்று யாராவது அனுபவசாலி சொல்வார். சோப்பு குடலின் உட்சவ்வைப் புண்ணாக்கும். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் பாஸ்பேட் எனிமாவும் முதியவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இரண்டையும் நீங்களாகத் தொடாதீர்கள்.

தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டால் மறுபடி மருத்துவரிடம் போக வேண்டும். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் போன்றோருக்கு நீண்டகாலம் தேவைப்படும். அதற்கென்று ஒரு முறையை மருத்துவர்களே வகுத்துத் தருவார்கள். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் இரு மாநிலத்திலும் ஏற்பாடு உண்டு. கேரளத்தில் ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வார்டு உறுப்பினரிடமோ ஆஷா பணியாளரிடமோ பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் (வலி தணிப்புப் பராமரிப்பு) நர்ஸைப் பற்றிக் கேட்கலாம். தமிழ்நாட்டுப் பக்கம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வலி நிவாரண, பிசியோதெரபி சேவைகள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். ஆதார், குடும்ப அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றின் நகலும் தயாராக இருக்கட்டும்.

10. குழந்தைகளுக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன்: குழந்தை மருத்துவர் சொல்லாமல் வைக்கக் கூடாது. பெரியவர்களுக்கான மாத்திரையைப் பாதியாக வெட்டி வைப்பதும் நம் முடிவாக இருக்கக் கூடாது.

வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவிப் பச்சைக் குழந்தையின் ஆசனவாயில் வைக்கும் வழக்கம் எல்லையின் இருபக்கமும் இருக்கிறது. சோப்பைச் சீவி வைப்பவர்களும் உண்டு. பாட்டிமார் அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் காம்பு கிழிக்கும், சோப்பு எரிக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு, சில நாள் மலம் போகாமல் இருப்பது இயல்பு. போகும்போது மென்மையாகப் போகிறது, பால் குடிக்கிறது, வயிறு உப்பவில்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாத குழந்தை, வயிறு உப்பி வாந்தி எடுக்கும் குழந்தை ஆகியவற்றை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

11. மாத்திரை வைக்கும் நாளைக் குறைப்பது

மாத்திரை அன்றைக்கு மட்டும் வழி திறக்கும். மலம் இறுகாமல் இருக்கத் தண்ணீரும் நார்ச்சத்தும் அசைவும் வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு நீர் அளவு கட்டுப்பாடு இருக்கலாம். மற்றவர்களுக்குக் கேட்காமலே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் நீட்டுங்கள். வெறும் தண்ணீர் பிடிக்காதவர்கள் சீரகத் தண்ணீரை மறுப்பதில்லை. முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, பாசிப்பயறு, பப்பாளி நல்லவை. கேரளப் பக்கம் பாளையங்கோடன் என்று விற்கும் வாழைப்பழமும் நம் பூவனும் ஒன்றே. இரவு ஒன்று கொடுங்கள். நோயாளி என்று வெறும் கஞ்சியும் ரொட்டியுமாகக் கொடுத்தால் மலமாக என்ன இருக்கும்?

தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் நார்த்தூளான இசப்கோலை மட்டும் யோசித்துக் கொடுங்கள். போதிய தண்ணீர் குடிக்காதவருக்கும் படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் அது உள்ளே களியாகி அடைத்துக்கொள்ளக்கூடும். அவர்களுக்கு லாக்டுலோஸ் போன்ற சிரப் பொருந்துமா என்று மருத்துவரைக் கேளுங்கள். வலி மாத்திரையை எப்போது குறைக்கலாம், இரும்புச்சத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாமா என்பதையும் மறுபரிசோதனையில் கேளுங்கள். பல வீடுகளில் இந்த இரண்டையும் மாற்றியதுமே ஆசனவாய் மாத்திரை தேவையில்லாமல் போகிறது.

வயிறு உப்பல், வாந்தி, மயக்கம், இரத்தம் என்று அவசரமானால் 108. இரு மாநிலத்திலும் அதே எண்தான். புளியரை போன்ற ஊர்களில் செல்போன் சில நேரம் மலைக்கு அந்தப்பக்கக் கோபுரத்தைப் பிடிக்கும். அழைப்பு எங்கே போய்ச் சேருகிறது என்று சொல்ல முடியாது. எடுத்தவுடன் “தமிழ்நாடு, தென்காசி மாவட்டம், இன்ன ஊர்” என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு நோயாளியின் நிலையைச் சொல்லுங்கள். வண்டி வரும் நேரத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துப் பட்டியல், அந்த நோட்டு, கடைசியாக வைத்த மாத்திரையின் அட்டை நான்கையும் ஒரு பையில் போட்டு வாசலில் வையுங்கள்.